இருபத்து மூன்றாம் கொக்கி

அப்பா இறந்து ஆறு மணி நேரம் நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. பாக்யலட்சுமி ஒரு ரப்பர் கையுறையின் விரல்களுக்குள் பஞ்சு திணித்துக்கொண்டிருந்தாள்.

பங்காரப்பேட்டையில் ரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கிற ஒரு சின்ன லேபில் அவளுக்கு வேலை. கைப்பையில் எப்போதும் இரண்டு ஜோடி கையுறை கிடக்கும். அது அம்மாவுக்குத் தெரிந்திருந்தது என்பதே இன்று காலைதான் அவளுக்குத் தெரியும்.

"நடு வெரல்ல இன்னும் கொஞ்சம் வை," என்றாள் அம்மா. "தொங்குது பாரு."

வைத்தாள். பஞ்சு அதிகமானதும் விரல் விறைத்து நின்றது. கொஞ்சம் எடுத்தாள்.

உள்ளறையில் அவர்கள் இரண்டு பேரும் அப்பாவும் மட்டும். குளிப்பாட்டுவதைத் தாய்மாமா அறைக்குள்ளேயே முடித்துவிட்டார். வெளியே பந்தல்காரனிடம் தம்பி பிரதாப் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். பெங்களூர் ரயிலுக்குக் கிளம்பிப் பாதி வழியில் திரும்பி வந்தவன். இன்னும் வேலைக்குப் போகிற சட்டையில்தான் இருந்தான்.

அப்பாவின் வலது கையில் கட்டைவிரல் முழுதாக இருந்தது. மற்றவை முதல் கணுவுக்கு மேல் இல்லை. பாக்யா கையுறையை மெதுவாக இழுத்து மாட்டினாள். இடது கையின் விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி இறுகியிருந்தன. அதற்கு எந்த உறையும் போகாது. அம்மா அதை வேட்டி மடிப்புக்குள் செருகி, மேலே துண்டைப் போட்டாள்.

தங்கச் சுரங்கத்தில் பாறை விழுந்து விரல் போனது என்றுதான் மாரிகுப்பத்துத் தொழிலாளர் லைனில் எல்லோரும் இருபது வருடமாக நம்பினார்கள். இங்கே அப்படிச் சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. லைனுக்கு இரண்டு பேராவது அப்படி இருப்பார்கள். ஆனால் பாறை நசுக்கிய விரலில் நகம் மிஞ்சாது. அப்பாவின் குட்டை விரல்களின் நுனியில் நகம் இருந்தது, அரிசிக் குருணை அளவுக்கு. தெரிந்தவர்கள் பார்த்தால் தெரிந்துவிடும்.

"சுனில் சித்தி நர்ஸு," என்றாள் அம்மா. "அந்தம்மா ஒரு பார்வை பாத்தா போதும்."

"ம்."

"பதினாறாம் நாள் காரியம். அப்பால மூணு நாள்ல ஒன் கல்யாணம். தேதிய மாத்த வேணாம்னு சுனில் வூட்டுக்காரங்களே ஃபோன்ல சொல்லிட்டாங்க. எவ்ளோ நல்ல மனுசங்க." அம்மா துண்டின் ஓரத்தை நேராக்கினாள். "பத்தொம்பது நாளு. அதுக்குள்ள இந்த மனுசன்..."

அப்பாவின் நெற்றியில் இருந்த ஈரத்தை முந்தானையால் ஒற்றினாள். காலை ஐந்து பத்துக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர். தண்ணீர் எடுத்துக்கொண்டு பாக்யா திரும்புவதற்குள் முடிந்துவிட்டது.

ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் பிரேக் கிறீச்சிட்டது. எட்டிப் பார்த்தாள். ராஜப்பா. ஒரு காலைத் தரையில் ஊன்றி, பந்தலுக்கு நடப்பட்டுக்கொண்டிருந்த மூங்கிலைப் பார்த்தபடி நின்றார். ஜன்னலில் அவள் முகம் தெரிந்ததும் ஏதோ கேட்பதுபோலத் தலையை உயர்த்தினார். பாக்யா தலையை அசைத்தாள். அவர் சைக்கிளைத் திருப்பினார். ஏறவில்லை, தள்ளிக்கொண்டே போனார்.

"யாரு?" என்றாள் அம்மா.

"ராஜப்பா மாமா. இன்னிக்கி புதன்கெழமை இல்ல?"

அம்மா கையுறையின் மணிக்கட்டுப் பகுதியைச் சட்டைக் கைக்குள் தள்ளினாள்.

அப்பா ஊரின் மறு கோடியில் இருந்த பாலகாட்டில் ஒரு குடோனுக்கு வாட்ச்மேன் என்று லைனில் சொல்லியிருந்தார்கள். பாலகாட்டுக்கு அவர் தினமும் போனது உண்மை. அங்கே மூடிக்கிடந்த ஒரு பழைய ஸ்டோரில் சங்கம் இருந்தது. 'தொழுநோயிலிருந்து குணமானோர் சங்கம்' என்று வாசலில் பலகை. பிரஷ்ஷை மணிக்கட்டோடு ரப்பர் பட்டையால் கட்டிக்கொண்டு அப்பாவே எழுதியது. எழுத்துகள் கொஞ்சம் வலப்பக்கம் சரிந்திருக்கும்.

புதன்கிழமை காலை எல்லோரும் வருவார்கள். பேசினில் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் கால்களை ஊற வைப்பார்கள். காய்ப்பைச் சுரண்டி, எண்ணெய் தடவி, ஒருவர் பாதத்தை இன்னொருவர் திருப்பிப் பார்ப்பார்கள். உணர்ச்சியற்ற காலில் ஆணி ஏறினாலும் உடையவருக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும். டாக்டரோ நர்ஸோ யாரும் கிடையாது. எல்லாம் அவர்களே.

உள்ளே சுவரில் நாற்பத்தொரு கொக்கிகள் உள்ள ஒரு மரப்பலகை. அதுவும் அப்பா செய்ததுதான். சுரங்கத்தில் கேஜ் எனும் இரும்புக் கூண்டில் இறங்குகிறவன் தன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனை மேலே மாட்டிவிட்டு இறங்குவான். ஷிஃப்ட் முடிந்த பிறகும் டோக்கன் தொங்கினால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். அப்பா அதைத் தலைகீழாக்கியிருந்தார். சங்கத்தில் டோக்கன் தொங்காவிட்டால்தான் கவலை. புதன்கிழமை பதினொரு மணிக்கு ஒரு கொக்கி காலியாக இருந்தால் ராஜப்பா சைக்கிளை எடுப்பார்.

இன்று காலி ஏழாம் நம்பர். அப்பாவுடையது.

ஒரு மணிக்கு அவர்கள் வந்தார்கள். ஒரு டெம்போவில் பதினான்கு பேர். பந்தலுக்கு வெளியே, வெயிலில், வரிசையாக நின்றார்கள். எல்லோர் காலிலும் ஒரே மாதிரியான கறுப்பு ரப்பர் செருப்பு; குதிகாலைச் சுற்றி ஒரு வார். மரியகுழந்தையம்மா முன்னால் நின்றாள். அவள்தான் சங்கத் தலைவி, அறுபது வயது, கொஞ்சம் சாய்ந்து நடப்பாள். கையில் சாமந்தி மாலை.

மாமா வேகமாகப் போனார்.

"இன்னாம்மா இது? சாவு வூட்டுக்குச் செருப்போட வர்றீங்க?"

"உள்ள வரலீங்க. அதான் இங்கயே நிக்கறோம்."

"கழட்டிட்டு வந்து மாலைய போட்டுட்டுப் போங்களேன். ஒரு மருவாதி வேணாமா?"

"கழட்ட மாட்டோங்க," என்றாள் மரியகுழந்தை, கோபம் இல்லாமல். "வெறுங்கால்ல ஒரு அடி கூட வைக்கக் கூடாதுன்றது சங்கத்து ரூல்ஸு. கோயிலா இருந்தாலும் சரி, சாவு வூடா இருந்தாலும் சரி. போட்டது யாரு? இதோ உள்ள படுத்துனு கீறாரே, அவருதான்."

"போன மாசம் சர்ச்சுல கழட்டினேன்னு என்னை நாலு புதன் வெளிய உக்கார வச்சாரு," என்றார் ஹரோல்ட். சட்டையை இன் பண்ணி, ஒரு பழைய டை கட்டியிருந்தார். இடது கண் வெள்ளையாக இருந்தது. "ஃபாதரே மன்னிச்சிட்டாரு. இவரு மன்னிக்கல."

பின்வரிசையில் யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

மாமா குரலைத் தாழ்த்தினார். "பாருங்கம்மா. பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கு. மாப்ள வூட்டுக்காரங்க இப்ப வந்துடுவாங்க. தயவு பண்ணி நீங்க நேரா சுடுகாட்டாண்ட போயிடுங்க. அங்க வந்து பாத்துக்கலாம்."

மரியகுழந்தை மாலையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். யாரும் நகரவில்லை.

பாக்யா குடத்தில் தண்ணீரும் இரண்டு டம்ளரும் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அப்போதுதான் வெயிலின் சூடு அவளுக்குத் தெரிந்தது. அவள் எப்போதும்போல முழுக்கை சுடிதார் போட்டிருந்தாள்.

"குடிங்க பெரியம்மா."

"நீ சாப்ட்டியா?"

"இல்ல."

"சாப்டாத. எடுத்தப்பறம் சாப்டு." மரியகுழந்தை டம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துக் குடித்தாள். "எப்டி போனாரு? ரொம்ப கஷ்டப்பட்டாரா?"

"இல்ல. ரெண்டு நிமிசம்."

"அப்டித்தான் போவணும். மத்தவங்க நேரத்த எடுத்துக்க மாட்டாரு."

ராஜப்பா தண்ணீர் குடிக்கவில்லை. பந்தல் கம்பைப் பிடித்தபடி நின்றார். "நேத்து சாயங்காலம் பூதிகோட்ட போயிட்டு வந்தாரு," என்றார். "எட்டாங்கிளாஸ் படிக்கிற ஒரு பொண்ணு. கன்னத்துல தேமல் மாதிரி. மாத்திரைய குடுத்து பத்து நாளாச்சி, அம்மாக்காரி அரிசிப் பானைல ஒளிச்சி வச்சிட்டா. செவப்பா ஒண்ணுக்குப் போச்சாம், பயந்துட்டா. அது பயம் இல்ல. பொண்ணு கட்டிக்க எவனும் வர மாட்டான்றதுதான் பயம். இவரு நாலு தடவ போயிட்டாரு."

"குடுத்தாங்களா?"

"நேத்து இவரு கண்ணு முன்னாடி முழுங்குச்சாம். வந்து சொன்னாரு. சந்தோசமாத்தான் சைக்கிள் ஏறனாரு."

பாக்யா குடத்தைக் கீழே வைத்தாள். அந்தச் சிவப்பு ரத்தத்தின் சிவப்பு அல்ல. ஆரஞ்சுக்குப் பக்கத்தில் இருக்கும். மறுநாள் மங்கிவிடும். யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் பயம் இருக்காது.

"பாக்யா," என்றாள் மரியகுழந்தை. "உங்க மாமா சொல்றது எனக்குப் புரியுது. நாங்க தகராறு பண்ண வரல. ஆனா நம்பர் கூப்புடாம நாங்க யாரையும் அனுப்பினது இல்ல. ஒனக்குத் தெரியும்."

அவளுக்குத் தெரியும். ஹரோல்டின் அண்ணன் இறந்தபோது தூக்க ஆள் வரவில்லை. தள்ளுவண்டியில் வைத்து, மயானத்தின் வேலிக்கு வெளியே புதைத்தார்கள். வயிற்று வலியில் போனார் என்று வீட்டில் சொல்லிக்கொண்டார்கள். அதற்கு அடுத்த வாரம்தான் அப்பா முதல் மனு எழுதினார். வேலிக்கு உள்ளே இடம் வேண்டும், நாலு பேர் தோளில் போக வேண்டும் என்று மூன்று வருடம் அலைந்து வாங்கினார்கள். அதோடு அப்பா ஒரு வழக்கத்தையும் சேர்த்தார். பாடையைத் தெருமுனையில் இறக்கும்போது பலகையில் உள்ள நம்பர்கள் எல்லாவற்றையும் ஒரு முறை கூப்பிட வேண்டும். இருக்கிறவர்கள் தங்கள் பெயரைச் சொல்வார்கள். இறந்தவரின் நம்பர் வரும்போது வீட்டு ஆள் ஒருவர் பதில் சொல்ல வேண்டும். பெயர், நோய், குணமான வருடம். அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் சங்கத்து ஆட்கள் தோள் கொடுப்பார்கள்.

"யாரும் சொல்லலன்னா?" என்றாள் பாக்யா.

"சொல்லலன்னா நாங்க அங்கயே நின்னுடுவோம். பின்னாடி வர மாட்டோம்." மரியகுழந்தை டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். "அதுவும் அவரு போட்டதுதான்."

"இனிமே நம்பர் யாரு கூப்புடுவாங்க?" என்றார் ஹரோல்ட், யாரையும் பார்க்காமல். "அவரு கூப்புட்றது தனி ஸ்டைலு. இருபத்திரெண்டு சொல்லுவாரு. அப்பால இருபத்திமூணு. ஆளே இல்லாத நம்பரு! கூப்புட்டு, ஒரு நிமிசம் நிப்பாரு. அப்பறம்தான் இருபத்திநாலு. பத்து வருசமா. அந்தக் கொக்கிய வேற யாருக்கும் குடுக்க மாட்டாரு. யாருதுய்யான்னு கேட்டா, கவர்னருக்குன்னு சொல்லுவாரு."

"போதும் ஹரோல்ட்," என்றாள் மரியகுழந்தை.

பாக்யா குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

அம்மா கதவருகில் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தது.

"வேணாம் பாக்யா."

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"ஒன் மூஞ்சி சொல்லுது." அம்மா அவள் முழங்கைக்கு மேலே பிடித்தாள். "இந்த நோய காரணம் காட்டிக் கல்யாணத்த முறிச்சிக்கலாம்னு சட்டத்துலயே கீதுன்னு உங்கப்பாதானே சொல்லுவாரு? வருசா வருசம் டில்லிக்கு மனு போடல? நீதானே டைப் அடிச்சிக் குடுத்த? மாத்தினாங்களா?"

"இன்னும் இல்ல."

"அப்போ? மாத்தினப்பறம் பேசலாம். ஒனக்காகத்தான்டி நான் இருவது வருசம் வாயத் தெறக்கல. அந்த மனுசனும் வூட்டுக்குள்ள தெறக்கல. ஒனக்காகத்தான்."

அது உண்மை. அப்பா உலகத்திடம் சொல்லச் சொன்னதைத் தன் வீட்டில் சொல்லவில்லை. கேன்வாஸ் ஷூவுக்குள் ரப்பர் அட்டை தைத்துப் போட்டுக்கொண்டுதான் மாரிகுப்பத்தில் நடந்தார். கறுப்புச் செருப்பை பாலகாட்டில் போய் மாட்டிக்கொள்வார்.

நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள் அப்பா செருப்பு தைத்துக்கொண்டிருந்தார். ஊசியைப் பல்லால் இழுத்து, நூலை இறுக்கினார். நிமிராமலே கேட்டார்.

"சுனில் கிட்ட நான் சொல்லிடட்டுமா?"

"எதப்பா?"

"எல்லாத்தையும்."

"கல்யாணம் ஆவட்டும்பா."

அவர் இரண்டு தையல் போட்டார். "சரி. நீ எப்போ சொல்றியோ அப்போ," என்றார். அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. திட்டியிருந்தால் பாக்யா ஏதாவது பதில் சொல்லியிருப்பாள்.

சுனில் வீட்டார் இரண்டு மணிக்கு வந்தார்கள். சுனில், அவன் அப்பா வெங்கடசாமி, அம்மா புஷ்பவல்லி. ஃபேக்டரி குவார்ட்டர்ஸிலிருந்து ஆட்டோவில். அப்பாவை அதற்குள் பந்தலுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். புஷ்பவல்லி பாக்யாவின் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். பொய்யில்லாத அழுகை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"கையில இன்னா இது?"

"ஊசி போட்ட எடத்துல நீர் கசியுதுங்க," என்றாள் அம்மா. "தங்கச்சி வரலீங்களா?"

"அவளுக்கு டே ட்யூட்டி. நாளைக்கு வருவா."

அம்மா கையுறையைப் பார்த்தாள். பிறகு பாக்யாவைப் பார்த்தாள்.

வெங்கடசாமி பந்தலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "அவங்க யாரு? வெயில்ல நிக்கறாங்களே."

"மச்சான் வேலை செஞ்ச எடத்து ஆளுங்க," என்றார் மாமா.

"எல்லாரும் ஒரே செருப்பு. நல்ல ரப்பரு அது. கம்பெனில குடுக்கறாங்களா?"

மாமா பதில் தேடுவதற்குள் சுனில் நாலைந்து நாற்காலிகளை மடக்கி எடுத்துக்கொண்டு வெளியே போனான். பூவரச மர நிழலில் விரித்துப் போட்டான். மரியகுழந்தை அவனிடம் ஏதோ சொன்னாள். அவன் குனிந்து கேட்டான். திரும்பி வந்தபோது பாக்யாவின் பக்கத்தில் ஒரு கணம் நின்றான்.

"அந்த அம்மா உங்கப்பாதான் இந்தச் செருப்பு தைக்கக் கத்துக்குடுத்தாருன்னு சொல்றாங்க. நீ சொல்லவே இல்ல?"

"இல்ல," என்றாள் பாக்யா.

அவன் இன்னும் இரண்டு நாற்காலிகளை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

மூன்றரைக்கு எடுத்தார்கள். மாமா, பிரதாப், லைன்காரர்கள் இரண்டு பேர். மேளம் முன்னால் போனது. பிரதாப் ஒரு கையில் சட்டியையும் பிடித்திருந்ததால் பாடை அவன் பக்கம் தாழ்ந்தது. சங்கத்து ஆட்கள் பின்னால் வந்தார்கள். ரப்பர் செருப்புகளுக்குச் சத்தம் இல்லை. அவர்களில் யாரோ ஒருவரின் கைத்தடி மட்டும் கேட்டது.

தெருமுனையில், குழாயடிக்குப் பக்கத்தில், பாடையை இறக்கினார்கள். வீட்டுப் பெண்கள் அதற்கு மேல் போவதில்லை. அங்கிருந்து சுரங்கக் கழிவான சயனைடு மண்மேடு தெரிந்தது. மேலே வெள்ளையாகப் புழுதி பறந்துகொண்டிருந்தது. மேளம் நின்றது.

மரியகுழந்தை முன்னால் வந்து பாடையின் தலைமாட்டில் நின்றாள்.

"இன்னாம்மா, நான்தான் சொன்னேனே," என்றார் மாமா.

"ரெண்டு நிமிசங்க." அவள் அவரைத் தாண்டிக் கூட்டத்தைப் பார்த்தாள். குரலை உயர்த்தினாள். "ஒண்ணு. மரியகுழந்தை. அது நான். ரெண்டும் மூணும் போனவங்க. நாலு?"

"ராஜப்பா."

"அஞ்சு?"

"எஸ், ஹரோல்ட்."

"ஆறு?"

ஒரு பெண் பெயர் சொன்னாள். கன்னடக்காரி.

"ஏழு."

குழாயிலிருந்து ஒரு குடத்துக்குள் தண்ணீர் சொட்டியது. பிரதாப் அம்மாவைப் பார்த்தான். மாமா தரையைப் பார்த்தார். அம்மாவின் கை பாக்யாவின் முழங்கைக்கு மேலே மறுபடி வந்து பிடித்தது.

"ஏழு," என்றாள் மரியகுழந்தை இரண்டாம் முறை. மூன்றாம் முறை கூப்பிட மாட்டாள் என்று பாக்யாவுக்குத் தெரிந்தது. கூப்பிடாமல் ஒதுங்கி வழி விடுவாள். பதினான்கு பேரும் இந்தக் குழாயடியிலேயே நின்றுவிடுவார்கள். அப்பா மாமாவின் தோளில் தனியாகப் போவார், பாறை விழுந்து விரல் போனவராக.

அம்மாவின் கையை விலக்கிவிட்டுப் பாடையின் பக்கத்தில் குனிந்தாள். கையுறையின் விளிம்பைப் பிடித்து உருவினாள். லேபில் தினம் செய்கிற வேலை. பஞ்சு ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தது. அப்பாவின் கையை அவர் மார்பின்மேல் மாலைக்கு வெளியே வைத்தாள்.

"காத்தவராயன்," என்றாள். குரல் சின்னதாக வந்தது. தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். "காத்தவராயன். தொழுநோய். எம்பத்தேழுல கொணமாச்சி."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. பாடை தூக்கிய லைன்காரர்களில் ஒருவர் தன் தோளைத் துண்டால் துடைத்தார். இன்னொருவர் அப்படியே நின்றார். "மேளத்த அடிங்கப்பா," என்றார் மாமா. "எடுங்க, எடுங்க, போதும்."

"இருங்க மாமா," என்றான் சுனில். "அவங்க முடிக்கட்டும்."

"எட்டு?" என்றாள் மரியகுழந்தை. யாரோ பதில் சொன்னார்கள். "ஒம்போது?"

புஷ்பவல்லி பாக்யாவின் பக்கத்தில் வந்து நின்றாள். முகத்தில் கோபம் இல்லை. வெயிலில் வியர்த்திருந்தது. பாடையில் இருந்த கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மொதல்லயே சொல்லியிருக்கலாம் சம்மந்தி," என்றாள் அம்மாவிடம். "எம்பத்தேழுலயே சரியாயிடுச்சி இல்ல? என் தங்கச்சி சொல்லுவா, மாத்திரை சாப்ட்டா ஒண்ணும் இல்லன்னு. பெரியவரு, அவரு போயிட்டாரு. அத வச்சி நாங்க ஒண்ணும் நெனைக்க மாட்டோம்." பிறகு பாக்யாவின் பக்கம் திரும்பி, குரலை இறக்கி, அக்கறையோடு கேட்டாள். "உனக்கு ஒண்ணும் இல்லியேம்மா?"

"அவளுக்கு ஒண்ணும் இல்லீங்க," என்றாள் அம்மா.

"பதினாறு?"

"பதினேழு?"

சிலர் பெயர் சொன்னார்கள். சில நம்பர்களுக்கு, "போயிட்டாரு" என்று மரியகுழந்தையே சொல்லிக்கொண்டு நகர்ந்தாள். பாக்யாவின் கையில் கையுறை இருந்தது. ஒரு விரலில் மட்டும் பஞ்சு மிச்சமிருந்தது. புஷ்பவல்லி அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். கேள்வி முடிந்துவிட்டது. அம்மா பதில் சொல்லிவிட்டாள். எல்லோருக்கும் அது போதுமானதாக இருந்தது. பாடைக்கு அந்தப் பக்கம் சுனில் நின்றான். சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டிருந்தான், தோள் கொடுக்கப் போகிறவன்போல.

"இருபத்திரெண்டு?"

"நான்தான்," என்றது ஒரு கிழவர் குரல். பிறகு பெயர்.

"இருபத்திமூணு."

மரியகுழந்தை நிறுத்தினாள். பத்து வருடப் பழக்கம். ஹரோல்ட் தலையைக் குனிந்துகொண்டார். ராஜப்பா மண்மேட்டைப் பார்த்தார். அப்பா எவ்வளவு நேரம் நிற்பாரோ அவ்வளவு நேரம். மரியகுழந்தையின் உதடுகள் இருபத்து நான்குக்குத் திறந்தன.

"பாக்யலட்சுமி," என்றாள் பாக்யா. "தொழுநோய். தொண்ணூறுல கொணமாச்சி."